கோயில் தலைவர் கொடுத்த இருபது பெயர்கள்

மலேசியாவில், வடக்குப் பேராக்கின் ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பகுதிநேரமாக முதுகலைப் பட்டம் படிக்கிறார். பட்டணத்தைச் சுற்றியிருந்த மூன்று தோட்டங்களின் லயன் வீடுகள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், பெரும்பாலும் காலியானபின் மலிவு விலை அடுக்குமாடிக்கும் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் குடிபோன தமிழ்க் குடும்பங்கள் சுமார் 300. சாவு, பிள்ளைப்பேறு, கைமாற்றுக் கடன், பிள்ளை பார்த்துக்கொள்வது என்று லயத்தில் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவிகள் இடம் மாறியபின் எப்படி மாறின என்பது அவருடைய ஆய்வு. நேர்காணல் வழியாகச் செய்ய நினைக்கிறார்.

ஆய்வுத் திட்டத்தைப் படைத்தபோது ஒரு விரிவுரையாளர், “300 குடும்பம் என்றால் அட்டவணைப்படி 169 பேர் வேண்டும்” என்றிருக்கிறார். சக மாணவி, “பத்துப் பேர் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்கிறார். பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று கதவைத் தட்டலாமா என்பது ஆசிரியையின் யோசனை. இதற்கிடையில் கோயில் தலைவர் ‘நன்றாகப் பேசக்கூடிய’ இருபது பேரின் பெயரைத் தொலைபேசி எண்ணோடு எழுதிக் கொடுத்துவிட்டார். ‘எதற்கெடுத்தாலும் குறை சொல்லும்’ ஓர் அம்மாவை விட்டுவிடலாமா, வருகிறவர்களுக்கு 50 ரிங்கிட் கொடுக்கலாமா, தன் மாணவர்களின் பெற்றோரைப் பேட்டி எடுக்கலாமா என்றும் கேட்கிறார். கையில் ஆறு மாதம் இருக்கிறது.

அன்புள்ள ஆசிரியைக்கு,

எண்ணிக்கையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் சொன்ன அந்த இருபது பெயர்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. ஆனாலும் 169-ஐத் தீர்க்காமல் உங்கள் விரிவுரையாளர் விடமாட்டார் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

169 எங்கிருந்து வந்தது

கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட அட்டவணை அது. மலேசியப் பல்கலைக்கழகங்களில் அதைக் காட்டாத ஆய்வேட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 300-க்கு 169, 500-க்கு 217, பத்து லட்சத்துக்கு 384. எண்கள் சரிதான், ஆனால் அவை வேறொரு கேள்விக்கான விடை. “இந்த 300 குடும்பங்களில் எத்தனை விழுக்காட்டினர் இன்னும் மரண சகாய நிதிக்குச் சந்தா கட்டுகிறார்கள்?” என்று கேட்டு, விடை 5 விழுக்காட்டுக்கு மேல் பிசகக்கூடாது, 95 விழுக்காடு உறுதி வேண்டும் என்றால் அந்த அட்டவணை உதவும். அப்போதும் ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்திருக்க வேண்டும். நீங்கள் கேட்பது ‘எத்தனை பேர்’ அல்ல, ‘எப்படி மாறியது, ஏன்’. விழுக்காடு சொல்லப்போவதில்லை என்றால் விழுக்காட்டின் பிழையைக் குறைக்கும் அட்டவணைக்கு அங்கே வேலை இல்லை.

விரிவுரையாளரிடம் இதை வாதமாகச் சொல்வதைவிடக் கணக்காகக் காட்டுங்கள். ஒரு நேர்காணல் 75 நிமிடம் என்கிறீர்கள். 169 பேருக்கு 211 மணி நேரப் பதிவு வரும். தமிழும் மலாயும் கலந்து, பின்னால் தொலைக்காட்சி ஓடும் ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது பிடிக்கும். ஆக, எழுத்தாக்கத்துக்கு மட்டும் ஏறக்குறைய 1,270 மணி நேரம். பள்ளி முடிந்து தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 630 மாலைகளுக்கு மேல். அவ்வளவு செய்தபின் ஒவ்வொரு பேட்டியையும் ஊன்றிப் படிக்க யாருக்கும் தெம்பிருக்காது. நுனிப்புல் மேய்ந்த 169 பேட்டிகளுக்குப் பதில் ஒரு கேள்வித்தாளே கொடுத்திருக்கலாம்.

ஐந்து வீட்டுக்கு ஒன்று என்பதில் உள்ள நல்ல எண்ணம் புரிகிறது. நீங்களாகப் பொறுக்கி எடுத்தால் பாரபட்சம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் குலுக்கல் நியாயமாவது எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போதுதான். 300 குடும்பங்களில், தாமானுக்கு வந்தும் ஒப்பந்தக் கூலியாகத் தினமும் பழைய தோட்டத்துக்கே செம்பனை (எண்ணெய்ப்பனை) வேலைக்குப் போகும் பெண்களின் குடும்பங்கள் 12 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆய்வுக்கு மிக முக்கியமானவர்கள் அவர்கள். 15 குடும்பங்களைக் குலுக்கிப் போட்டு எடுத்தால் அந்த 12-இல் ஒன்றுகூட அகப்படாமல் போக 50 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு. சிறிய மாதிரியில் குலுக்கலை நம்புவது, குழம்பில் கண்ணை மூடிக் கரண்டியை விட்டுக் காய் வருமா என்று பார்ப்பது போலத்தான். இங்கே தெரிந்தேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நோக்கமுறை மாதிரி என்று அதற்குப் பெயர். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். உங்களைப் பாரபட்சத்திலிருந்து காக்கப்போவது அந்த ஒரு வரிதான்.

முதலில் ‘குடும்பம்’ என்றால் யார்

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் ‘15 குடும்பம்’, இன்னோர் இடத்தில் ‘15 பேர்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. குடும்பத்தை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தவரோடு பேசிவிட்டு வந்தால், ஓய்வுபெற்ற ஆண்களின் குரல்தான் உங்கள் ஆய்வேடு முழுவதும் கேட்கும். சாவு வீட்டில் பந்தல் போட்டதை அவர்கள் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பச்சை உடம்புக்காரிக்கு நாற்பது நாள் பத்தியச் சோறு போனதையும், அது எந்த வருடம் நின்றது என்பதையும் சொல்ல ஆளிருக்காது. உதவி யார் கை வழியாக நடந்தது என்பதுதான் உங்கள் கேள்வி என்பதால், தனிநபரையே அலகாக வையுங்கள். நான்கைந்து வீடுகளில் மட்டும் இருவரைத் தனித்தனியாகப் பாருங்கள். மாமியார் கூடத்தில் இருக்கும்போது மருமகள் பேசமாட்டார். இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் ‘தனியாக’ என்பது கிடையாது. பள்ளி நூலகம், உறவினர் வீடு, காலை பத்து மணிக்குக் காலியாகக் கிடக்கும் ஒட்டுக்கடையின் (சிறு சாப்பாட்டுக்கடை) பின்மேசை என்று இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

நேரமும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாலை நான்கு மணிக்குப் போனால் பென்ஷன்காரர்கள் கிடைப்பார்கள். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை ஷிப்ட் பார்க்கும் தொழிற்சாலைப் பெண் கிடைக்கமாட்டார். பள்ளி நேரம் போக உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் மட்டும் பேட்டி எடுத்தால், உங்கள் கால அட்டவணைதான் மாதிரியைத் தேர்ந்தெடுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளையும் பள்ளி விடுமுறை வாரங்களையும் ஷிப்ட்காரர்களுக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

எந்த வேறுபாடு முக்கியம்

வயது, பால், கல்வி, வருமானம் என்று வழக்கமான கட்டம் போட்டுவிட்டு ஆட்களை நிரப்பாதீர்கள். எந்த வேறுபாடு உங்கள் கேள்வியின் விடையை மாற்றும் என்று யோசியுங்கள். என் கணிப்பில் முதலில் வருவது, இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்பது. நான்காம் மாடியில் பெயர் தெரியாத அண்டை வீட்டுக்காரர்களோடு இருப்பவருக்கும், லயத்துப் பக்கத்து வீட்டுக்காரரே தாமானிலும் பக்கத்து வீடாக அமைந்தவருக்கும் கதை வேறு. 18 பேர் என்று தொடங்கினால், அடுக்குமாடியில் 6, தாமானில் 4, இன்னும் லயத்தில் தங்கிவிட்டவர்கள் 4, ஊரைவிட்டே ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள் 4 என்று பிரிக்கலாம். கடைசி நால்வரைத் தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊர் திரும்பும்போது பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைத்துப் பேசலாம். ஊரில் இருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு ‘உறவு தொடர்கிறது’ என்று எழுதினால், உறவு அறுந்து போனவர்களை யார் பார்த்தது?

இந்த 18-க்குள்ளேயே சில குறைந்தபட்சங்கள் வையுங்கள். பெண்கள் 9. லயத்தைச் சிறுபிள்ளையாக இருந்தபோதே விட்டு வந்த, இப்போது 35 வயதுக்கு உட்பட்டவர்கள் 4. கிராணி (தோட்ட எழுத்தர்), தண்டல் (மேற்பார்வையாளர்) குடும்பங்களிலிருந்து 2. லயத்தில் உதவி எல்லாருக்கும் ஒரே அளவில் ஓடவில்லை. யார் கேட்கலாம், யார் கேட்கக் கூச்சப்பட்டார்கள் என்பதில் பதவிக்கும் சாதிக்கும் பங்கு உண்டு. சாதியை நேராகக் கேட்டுக் கட்டத்தில் போடச் சொல்லவில்லை. லயத்தின் எந்த வரிசையில் வீடு, எந்தக் கோயில் எந்த நாள் உபயம் என்பதைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கோயிலோடு தொடர்பில்லாதவர்கள், அதாவது கிறிஸ்தவத்துக்குப் போனவர்கள், நிர்வாகத் தகராறில் ஒதுங்கியவர்கள், வேறு கோயிலுக்குப் போகிறவர்கள், குறைந்தது 5. ஒருவரே இரண்டு மூன்று குறைந்தபட்சங்களில் அடங்கலாம். தொழிற்சாலைக்குப் போகும் 30 வயதுக் கிறிஸ்தவப் பெண் ஒரே ஆளாக மூன்றை நிரப்புவார்.

மூன்று தோட்டங்களையும் ஒன்றாகக் கருதியிருக்கிறீர்கள். அங்கே சற்று நிதானியுங்கள். 1950-களிலும் 60-களிலும் துண்டாடப்பட்டுச் சிறு முதலாளிகள் கைக்குப் போன தோட்டமும், பெரிய நிறுவனத்திடமே கடைசி வரை இருந்த தோட்டமும், 1960-இல் மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய, தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டமும் ஒன்றல்ல. வீட்டின்மீது தொழிலாளிக்கு இருந்த பிடியும், வெளியேறியபோது கையில் கிடைத்ததும் ஒன்றாக இருந்திருக்காது. உங்கள் மூன்று தோட்டங்களில் ஒவ்வொன்றும் எந்த வகை என்று பார்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு பேராவது வரும்படி பாருங்கள்.

இன்னொன்று. அந்த லயங்களில் இப்போது இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மாதிரியில் அவர்கள் இல்லை. விடலாம், தவறில்லை. ஆனால் தலைப்பில் ‘தோட்டச் சமூகம்’ என்று இருக்கக்கூடாது. ‘தோட்டத்தைவிட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள்’ என்று மாற்றுங்கள்.

தலைவரின் பட்டியல்

‘நன்றாகப் பேசக்கூடியவர்கள்’ என்று தலைவர் யாரைச் சொல்வார்? திருவிழாவுக்குப் பணம் தருபவர்கள், கூட்டத்துக்கு வருபவர்கள், தன்னோடு ஒத்துப்போகிறவர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிகிற ஊர் அது. அந்த இருபது பேரில் பன்னிருவரைப் பேட்டி கண்டால் ஏழாவது ஆளிலேயே, “முன்ன மாதிரி இல்லைதான், ஆனா கோயில்தான் நம்மள ஒண்ணா வச்சிருக்கு” என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடத் தொடங்குவார்கள். புதிதாக ஒன்றும் வரவில்லை, நிறைவுநிலை வந்துவிட்டது என்று மகிழ்ந்து நிறுத்திவிடுவீர்கள். ஒரே வட்டத்துக்குள் சுற்றி வந்திருப்பீர்கள், அவ்வளவுதான். மாதிரி சிறிதாக இருந்ததால் கெட்டுப்போன ஆய்வுகளைவிட, ஒரே வாசல் வழியாக நுழைந்ததால் கெட்டுப்போனவை அதிகம் என்பது என் எண்ணம்.

பட்டியலைத் தூக்கி எறியவும் வேண்டாம். சிறிய ஊரில் தலைவரைப் பகைத்துக்கொண்டு நேர்காணல் நடத்த முடியாது. அதில் மூன்று பேரை மட்டும் எடுங்கள், எந்த மூன்று பேர் என்று அவரிடம் சொல்லாதீர்கள். “தலைவரே, ரொம்ப நன்றி. பல இடத்துலேருந்து ஆள் எடுக்கணும்கிறது ஆய்வு முறை. உங்க பட்டியல்லேருந்தும் சிலரைப் பார்க்கிறேன். யாரைப் பார்த்தேன்னு வெளியில சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு” என்று சொன்னால் போதும். அத்தனையும் உண்மை, மறைக்க ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு வாசல்களாவது திறங்கள். தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு பழைய ஆள். மாதாமாதம் பணம் போட்டு முறை வைத்து எடுக்கும் பெண்களில் கணக்கு வைத்திருப்பவர். தேவாலயம். பற்றுக் கணக்கு எழுதும் பட்டணத்து மளிகைக் கடைக்காரர். ஒவ்வொரு வாசலிலும் முதல் ஆளைப் பிடித்து, அவர் வழியாக அடுத்தவரைத் தேடும் பனிப்பந்து முறையைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு சங்கிலியில் மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். தெரிந்தவர் தெரிந்தவரையே காட்டுவார் என்பதால் சங்கிலி நீள நீள ஒரே குரல்தான் கேட்கும். அடுத்த ஆளைக் கேட்கும்போது, “உங்களைப் போல இன்னொருத்தர்” என்று கேட்காமல், “லயத்துல இருந்தப்போ உங்களோட பழகி, இப்ப சுத்தமாப் பேச்சு விட்டுப்போனவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேளுங்கள். யார் யாரைக் காட்டினார் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வாருங்கள். மறுத்தவர்களையும் அதில் குறியுங்கள். ஆறு பேர் மறுத்து, ஆறு பேரும் அடுக்குமாடிப் பெண்கள் என்றால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

எத்தனை பேரோடு நிறுத்துவது

‘பத்துப் பேர் போதும்’ என்ற பேச்சுக்கும் ஒரு வேர் இருக்கிறது. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்து, 12 முடிந்தபோதே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று 2006-இல் எழுதினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு உலகமே பன்னிரண்டு என்கிறது. அவர்கள் பார்த்தது ஓரளவு ஒரே மாதிரியான பெண்களை, ஒரே கேள்வி வரிசையோடு என்பதை யாரும் சொல்வதில்லை. 2017-இல் ஹென்னிங்க் குழுவினர் 25 நேர்காணல்களை வைத்துப் பார்த்தபோது, என்னென்ன விஷயங்கள் உண்டு என்று தெரிய 9 போதுமானதாக இருந்தது. அவற்றின் பொருளை முழுதாகப் புரிந்துகொள்ள 16 முதல் 24 வரை தேவைப்பட்டது. உங்கள் மாதிரியில் வேறுபாடு அதிகம், கேள்வியோ ‘ஏன்’ என்பது. அதனால் 18-இல் தொடங்கி 24 வரை போக இடம் வைத்துக்கொள்ளுங்கள். 18 பேர் என்றால் எழுத்தாக்கம் 135 மணி நேரம், தினம் இரண்டு மணி நேரம் என்றால் 68 மாலைகள். ஆறு மாதத்தில் முடியும்.

ஆனால் எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டுப் படிக்கலாம் என்று குவித்து வைக்காதீர்கள். மூன்று எடுங்கள், எழுத்தாக்குங்கள், படியுங்கள், அப்புறம் அடுத்த மூவர் யார் என்று முடிவு செய்யுங்கள். இரண்டாவது பேட்டியிலேயே ‘மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லை’ என்று ஒன்று புதிதாகக் கிளம்பினால், நீண்டநாள் நோயாளி இருக்கும் வீடு ஒன்றை அடுத்து சேர்க்க வேண்டியிருக்கும். முதலில் போட்ட கட்டத்தை மாற்றக்கூடாது என்று விதியில்லை. மாற்றிய நாளையும் காரணத்தையும் எழுதி வைத்தால் போதும். நிறுத்துவதற்கு, முதலில் பத்துப் பேட்டி, அதன்பின் தொடர்ந்து மூன்றில் புதிதாக எதுவும் வராவிட்டால் நிறுத்தலாம் என்று பிரான்சிஸ் முதலியோர் 2010-இல் முன்வைத்த விதியைத் திட்டத்தில் எழுதலாம். எண் கேட்கும் விரிவுரையாளர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் அந்த மூன்றும் வெவ்வேறு வாசல் வழியாக வந்தவையாக இருக்கட்டும், நான்கு வகைக் குடியிருப்பும் அதற்குள் வந்திருக்கட்டும்.

ஒப்புதலும் ஆபத்தும்

உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை எடுக்காதீர்கள். ஆசிரியை கேட்டு மறுக்க அவர்களுக்கு மனம் வராது, அப்படி வரும் ஒப்புதல் ஒப்புதல் அல்ல. வேறு வகுப்புப் பெற்றோர் என்றால், முதலில் வேறு யாராவது போய்க் கேட்கட்டும், மறுக்கிறவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் மறுக்க வழி இருக்கட்டும்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். 300 குடும்பம் உள்ள ஊரில் ‘ஓய்வுபெற்ற தண்டல், மூன்று மகள்கள், நான்காம் மாடி’ என்று எழுதினால் பெயர் எதற்கு? பங்கேற்றவர்களை ஆளுக்கு ஒரு வரியாக அட்டவணை போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ‘பெண்கள் 10, அடுக்குமாடி 6’ என்று மொத்தமாகக் கொடுங்கள்.

லயத்தில் இன்னும் இருப்பவர்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் போக வேண்டுமானால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டாலே யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். அவர்களில் சிலருக்கு வீட்டுத் தகராறு நடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களைப் பட்டணத்தில் சந்தியுங்கள், வழக்கைப் பற்றிய பேச்சு வந்தால் பதிவை நிறுத்துங்கள். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆய்வாளரிடம் சொன்னதற்கு இல்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. உங்களைக் கட்டுப்படுத்துவது பல்கலைக்கழக நெறிக்குழு அனுமதித்த ஒப்புதல் படிவம். அதில் ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்று மட்டும் எழுதாமல், எந்தத் தேதிக்குள் சொன்னால் பதிவை அழிப்பீர்கள் என்றும் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கும் நெறிக்குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

50 ரிங்கிட் வேண்டாம் என்பேன். பணம் என்று செய்தி பரவினால் சங்கிலியில் அடுத்து வருபவர் கதைக்காக வரமாட்டார், தலைவரும் தன் ஆட்களை அனுப்பத் தொடங்குவார். போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். போகும்போது எல்லாருக்கும் ஒரே அளவில் பழமோ பிஸ்கட்டோ வாங்கிப் போங்கள். அதுதான் ஊர் வழக்கமும்.

கடைசியாக அந்தக் குறை சொல்லும் அம்மா. பிறர் ‘நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டோம்’ என்று சொல்லும்போது, யாருக்குச் செய்யாமல் விட்டார்கள் என்று சொல்ல அவரால்தான் முடியும். அவர் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அவர் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் யாரென்று காட்டாமல், மற்றவர்களிடம் பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று பேட்டிகளில் ஒன்று அவருடையதாக இருக்கட்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை முழுசாக ஒதுக்குங்கள், 75 நிமிடத்தில் அவர் முடிக்கமாட்டார்.